பிராதில் பேர் இருந்தவள்

விருத்தாம்பாளைப் பற்றி மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் மொத்தம் ஏழு பிராது கட்டினார்கள். ஆறு அவள் புருஷன் கட்டியது. ஒன்று அவள் வேலை பார்த்த கம்பெனி முதலாளி கட்டியது. ஏழிலும் அவள் பேர் இருந்தது. ஒன்றில்கூட அவள் கையெழுத்து இல்லை.

பிராது என்றால் புகார். போலீஸ் ஸ்டேஷனில் கொடுக்கிற மாதிரிதான் அங்கே சாமியிடம் கொடுப்பதும். ஊர், தெரு, பேர், தகப்பன் பேர் எல்லாம் போட்டு, நடந்தது இன்னது, நடக்க வேண்டியது இன்னது என்று தாளில் எழுதி, சாமி காலடியில் வைத்து வாங்கி, மடித்து, முனியப்பர் சந்நிதியில் நூல்போட்டுக் கட்டிவிட்டு வர வேண்டும். ரசீது உண்டு. தொண்ணூறு நாளுக்குள் சாமி விசாரித்து முடித்துவிடும் என்பது நம்பிக்கை. முடிந்ததும் திரும்பப் போய்ப் பிராதை வாபஸ் வாங்க வேண்டும்; அதற்கு ராஜினாமா என்று பேர். ஆடு களவு போனவன், பெண்டாட்டியை விட்டு ஓடிப்போனவனின் மாமனார், வரப்பை நகர்த்தின பங்காளி மேல் கோபப்பட்டவன் என்று, வருகிற வழக்குகளில் பெரும்பாலும் எதிராளி ஒருத்தன் இருப்பான். பழமலை கொண்டுபோன வழக்கில்தான் எதிராளி யாரென்று கடைசிவரை எழுத முடியவில்லை.

பழமலைக்கு விருத்தாசலம் தொழிற்பேட்டையில் பொதுச் சூளையில் வேலை. நாலைந்து கம்பெனிக்காரர்கள் கொண்டுவருகிற சுடாத பச்சை சாமான்களைத் தள்ளுவண்டியில் அடுக்கிச் சூளைக்குள் அனுப்புவான். அடுக்குகிற வேலை செய்கிறவனுக்கு எதையும் தூக்கிப் போடுகிற பழக்கம் இருக்காது. வீட்டிலும் அப்படியே. பால் பாக்கெட்டைக்கூட இரண்டு கையால் வைப்பான்.

விருத்தாம்பாள் கோதண்டபாணியின் பொம்மை கம்பெனியில் கண் எழுதுகிறவள். அச்சில் வார்க்க, ஓட்டை அடைக்க, உடம்புக்கு வர்ணம் பூச என்று பெண்கள் இருபது பேர் இருந்தார்கள். கண் எழுத அவள் ஒருத்திதான். கொலு பொம்மையில் கண் கொஞ்சம் பிசகினாலும் மகாலட்சுமி முறைப்பாள், செட்டியார் தூங்கிவிடுவார். அவள் எட்டாவது படித்துவிட்டு திட்டக்குடியிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். இங்கே வந்துதான் பிரஷ் பிடிக்கக் கற்றுக்கொண்டாள். நிதானமாக எழுதினால் ஒரு நாளைக்கு எழுபது ஜோடிக் கண்.

1989 சித்திரையில் ஒரு நாள் பிரஷ்ஷைக் கழுவாமல் வைத்துவிட்டு வந்து படுத்தாள். மறுநாளும் எழுந்திருக்கவில்லை. காய்ச்சல் கிடையாது, வயிற்றுவலி கிடையாது. தலை சீவிக்கொள் என்றால் அழுதாள். நாலு வயது மகள் தமிழ்மணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பழமலையின் அக்கா பாஞ்சாலை அதே தெருவில் நாலு வீடு தள்ளி இருந்தாள். மூன்று வேளையும் சோறு ஆக்கி எடுத்து வந்தாள். சோற்றோடு நாலு வார்த்தையும் எடுத்து வந்தாள்.

"இந்தா விருத்தா, ஒலகத்துல ஒனக்கு மட்டுந்தான் ஒடம்பு சோந்து போவுதா? நான் மூணு பெத்தவ. ஒருநாளு படுத்தேனா?"

"எந்திரிக்கணும்னுதான் அண்ணி இருக்குது. கை வர மாட்டங்குது."

"கை எங்க போச்சு? அங்கதான இருக்குது?"

ஒரு மாதம் வெயில் என்றார்கள். அப்புறம் கண்ணேறு என்றார்கள். யாரோ செய்வினை என்றும் சொல்லிப்பார்த்தார்கள். செய்யும் அளவுக்கு இவர்களிடம் என்ன இருக்கிறது என்று தெருவே யோசித்து அதை விட்டுவிட்டது. கடைசியில் பாஞ்சாலைதான் தம்பியை மணவாளநல்லூருக்குக் கிளப்பினாள். "எந்திரிக்கணும், வேலைக்குப் போவணும்னு எழுதுடா. சிரிக்கணும்னும் சேத்து எழுது. உம்முன்னு எந்திரிச்சி என்னா பிரயோசனம்?" என்றாள். அவனும் மூன்றையும் சேர்த்து எழுதினான்.

ஆடி பிறந்தது. விருத்தாம்பாள் எழுந்தாள். வேலைக்குப் போனாள். சிரித்தாள்.

கேட்டது மூன்றும் கிடைத்துவிட்டது. அளவு எழுத மறந்ததுதான் பழமலையின் தப்பு. எழுபது ஜோடி எழுதிக்கொண்டிருந்தவள் நூற்றைம்பது எழுதினாள். விடிய நாலு மணிக்குத் தெருவையே கூட்டிக் கோலம் போட்டாள். இரண்டு மணி நேரம் தூங்கினாலே ஜாஸ்தி. ராஜினாமா கொடுக்கப் போன அன்றைக்கு பஸ்ஸில் ஏறியதிலிருந்து இறங்கும்வரை பாட்டு, கண்டக்டரைக்கூட விடவில்லை. கோயிலில் முன்பின் தெரியாத பதினைந்து பேருக்குப் பொங்கல் வாங்கிக் கொடுத்தாள். "சாமி குடுத்ததுன்னா இப்பிடிக் குடுக்கணும்," என்று பாஞ்சாலை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பழமலை ரசீதுகளை மடித்து, பிராதுக்கு ஒன்று, ராஜினாமாவுக்கு ஒன்று என்று ஒரு பிஸ்கெட் டப்பாவில் பத்திரப்படுத்தினான்.

அடுத்த வருஷமும் சித்திரையில் படுத்தாள். பிராது. ஆடியில் எழுந்தாள். ராஜினாமா. அதற்கடுத்த வருஷம் பங்குனியிலேயே படுத்துவிட்டாள். அந்த வருஷம் கார்த்திகையிலும் இன்னொரு தடவை. அடுத்த இரண்டு வருஷமும் இதே கதை. எல்லாவற்றையும் சாமி தொண்ணூறு நாளுக்குள் தீர்த்து வைத்தது. ஒரு வழக்கு திரும்பத் திரும்ப ஏன் வருகிறது என்று கோர்ட்டில் கேட்பார்கள். இங்கே யாரும் கேட்கவில்லை.

இதில் அதிகம் சந்தோஷப்பட்டவர் கோதண்டபாணி. நவராத்திரி ஆர்டர் வருவது ஆடி, ஆவணியில்தான். அந்த இரண்டு மாசத்துக்கு இரண்டு ஆள் வேலையை ஒருத்தி செய்கிறாள். மூன்றாவது வருஷத்திலிருந்து, அவள் படுத்ததுமே அவரே சூளைப் பக்கம் வந்து பழமலையை விசாரிக்க ஆரம்பித்தார்.

"பிராது கட்டிட்டியா?"

"இன்னும் இல்லீங்க. படுத்து நாலு நாளுதான் ஆவுது."

"லேட் பண்ணாதடா. ஆடிக்குள்ள தீந்தாவணும்."

ஆடி மாசத்து விருத்தாம்பாளோடு குடித்தனம் செய்வது எப்படி இருந்தது என்று மட்டும் யாரும் பழமலையிடம் விசாரிக்கவில்லை. கல்யாணப் பட்டுப் புடவையை பஸ் ஸ்டாண்டு கூட்டுகிற ஒரு அம்மாவுக்குக் கட்டிவிட்டு வந்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து தமிழ்மணியை நடு மத்தியானத்தில் கூட்டிக்கொண்டு, டான்ஸ் கற்றுக்கொடுக்கிறேன் என்று சிதம்பரத்துக்கு பஸ் ஏறிவிட்டாள். மறுநாள் திரும்பி வந்தபோது பிள்ளைக்கு நல்ல காய்ச்சல். ஏன் என்று கேட்டால் ஒரு பேச்சுக்கு ஒன்பது பேச்சு. ஒன்பதும் அந்த நிமிஷத்தில் நியாயமாகத்தான் இருக்கும். சோறு வைத்தால் சாப்பிட நேரமில்லை என்பாள். பழமலை ஒரு தடவை பயந்துபோய், "எக்கா, டாக்டருகிட்ட காட்டலாமா?" என்று கேட்டான்.

பாஞ்சாலைக்குக் கோபம் வந்துவிட்டது. "படுத்திருக்கறவள காட்டுவாங்க. ஓடுறவள யாராவது காட்டுவாங்களாடா? அவ படுத்தாலும் ஒனக்குக் கொற, எந்திரிச்சாலும் கொற."

அதற்கும் நியாயம் இருப்பதாகத்தான் அவனுக்குப் பட்டது.

1993 ஆவணியில் விருத்தாம்பாள் ஒரு மாட்டுவண்டியைப் பிடித்தாள். கம்பெனியில் வர்ணம் முடிந்து காகிதம் சுற்றக் காத்திருந்த பொம்மைகளில் முந்நூறை அதில் ஏற்றினாள். வார்க்கிற பெண்கள் முதலாளி சொல்லித்தான் ஏற்றுகிறாள் என்று நினைத்து கூடவே எடுத்துக் கொடுத்தார்கள். ஊர் நடுவில் பாலக்கரையில் வண்டியை நிறுத்தி, சாமியை விற்றுச் சாப்பிடக் கூடாது என்று சொல்லிச் சொல்லிப் போகிறவர் வருகிறவர்களுக்கெல்லாம் கொடுத்தாள். பிள்ளையார் கேட்டவருக்குப் பிள்ளையார், முருகன் கேட்டவருக்கு முருகன். நல்லூர் பஸ்ஸிலிருந்து ஜன்னல் வழியாகவே கையை நீட்டினார்கள். கோதண்டபாணி ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தபோது வண்டியில் ஒரு செட்டியாரும் இரண்டு மரப்பாச்சி மாதிரியான உருப்படிகளும்தான் மிச்சம்.

நாலு வருஷமாகச் சாமி கொடுத்த வேகம் என்று சொல்லிக்கொண்டிருந்தவருக்கு அது நோய் என்று பத்து நிமிஷத்தில் விளங்கிவிட்டது.

"மூள பெசகிடுச்சிடா இவளுக்கு! பாண்டிச்சேரிக்குக் கூட்டிகிட்டுப் போ. இன்னிக்கே போ!" என்று அவர்தான் வாடகைக் கார் வைத்துக் கொடுத்தார். அந்த ஒரு விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது.

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர். எத்தனை பேரைப் பார்த்தாலும் எதிரில் இருக்கிறவரை மட்டும் பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். விருத்தாம்பாள் அவருக்கு ஆஸ்பத்திரியை எப்படி நடத்த வேண்டும் என்று அரை மணி நேரம் சொன்னாள். அவர் முழுதாகக் கேட்டார். அப்புறம் பழமலையிடம் திரும்பி, "எப்பல இருந்து இப்பிடி?" என்றார்.

"ரொம்ப நாளா இருக்குதுங்க."

"எந்த வருஷம், எந்த மாசம், எத்தன நாளுன்னு சொல்ல முடியுமா?"

பழமலை பையிலிருந்து பிஸ்கெட் டப்பாவை எடுத்தான். தான் இத்தனை வருஷமும் சும்மா இருந்துவிடவில்லை என்று காட்டுவதற்காகக் கொண்டுவந்தது. டாக்டர் ஒரு ரசீதை எடுத்துப் பார்த்தார்.

"இது என்னதுங்க?"

"சாமி ரசீதுங்க. இது பிராது கட்டினது. இது தீந்து ராஜினாமா குடுத்தது."

டாக்டர் எல்லா ரசீதையும் மேஜைமேல் வரிசையாக அடுக்கினார். அடுக்குகிறதைப் பார்த்ததும் பழமலைக்கு அவர்மேல் மரியாதை வந்தது.

"பிராது கட்டினப்ப எப்பிடி இருந்தாங்க?"

"படுத்த படுக்கைங்க. பேச்சு இல்ல, சோறு இல்ல."

"ராஜினாமா அன்னிக்கு?"

"நல்லா இருந்தாங்க டாக்டர். ரொம்ப நல்லா. வழியெல்லாம் பாட்டு. பத்து நாளா தூக்கமே கெடையாது, அவ்வளவு நல்லா."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். "அவ்வளவு நல்லா இருக்கக் கூடாதுங்க," என்றார்.

நிதானமாகத்தான் சொன்னார். படுத்ததும் நோய்தான், பறந்ததும் அதே நோய்தான். இரண்டு நோய் இல்லை, ஒன்றுக்கே இரண்டு முனை. முன்பெல்லாம் மேனிக் டிப்ரஷன் என்பார்கள், இப்போது பைபோலார் என்கிறார்கள். சோம்பேறித்தனம் கிடையாது, சாமி வந்ததும் கிடையாது, யாரும் எதையும் வைக்கவும் இல்லை. அந்தம்மா வேண்டுமென்று செய்ததும் இல்லை. சர்க்கரைக்காரர்கள் மாதிரி மாத்திரை சாப்பிட வேண்டும், அவ்வப்போது ரத்தம் பார்க்க வேண்டும், நேரத்துக்குத் தூங்க வேண்டும். நன்றாகிவிட்டது என்று நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தினால் திரும்ப வரும்.

பழமலை ரசீதுகளையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்ப சாமி தீத்து வெச்சது?"

"தானா ஏறும், தானா எறங்கும். பல பேருக்கு ரெண்டு மூணு மாசத்துல மாறிடும். ஒங்க சாமியும் தொண்ணூறு நாள்தான் கேக்குது." டாக்டர் சிரிக்கவில்லை. "நான் கேட்டா ஒரு வருஷம் ஆகியிருக்கும் இவ்வளவு தெரிஞ்சிக்க. இத யாரும் இப்பிடி எழுதி வெக்கிறதில்ல. பத்திரமா வெச்சிருங்க."

விருத்தாம்பாளை மூன்று வாரம் வார்டில் வைத்திருந்தார்கள். வேகம் தணிந்த ஒரு காலையில் டாக்டர் அவளிடமே கேட்டார்: படுத்திருக்கிற மாசங்களில் செத்துப்போகலாம் என்று தோன்றியதுண்டா?

"உண்டு," என்றாள். "ரெண்டு வருஷம். இவருக்குத் தெரியாது."

பழமலை பக்கத்தில்தான் நின்றிருந்தான், கையில் ஹார்லிக்ஸ் டம்ளரோடு. கிளம்பி வரும்போது பஸ்ஸில் வடலூர் தாண்டிய பிறகு கேட்டான்: "என்கிட்ட சொல்லியிருக்கலாமுல்ல?"

"நீங்க கேக்கலியே. எந்திரின்னுதான் சொன்னீங்க."

ஐப்பசியிலிருந்து வீட்டிலேயே மாத்திரை தொடர்ந்தது. அந்த வருஷம் அடைமழையில் அவள் படுக்கவில்லை. அடுத்த சித்திரையிலும் படுக்கவில்லை. அவள் எழுதுகிற கண்கள் பழையபடி எழுபதுக்கு வந்தன. காலையில் எழுந்தாள், சமைத்தாள், தமிழ்மணிக்குத் தலை பின்னினாள், வேலைக்குப் போனாள், ஒன்பது மணிக்குத் தூங்கினாள். ஒரு நல்ல செய்தியைத் தெரு எவ்வளவு நாள் பேச முடியும்? இரண்டு மாசத்தில் அலுத்துவிட்டது.

"முன்னெல்லாம் அவ வந்தா தெருவே கலகலன்னு இருக்கும்," என்றாள் பாஞ்சாலை. "இப்ப கம்முன்னு போறா, கம்முன்னு வரா. என்னா மாத்திரையோ போ."

"அண்ணி, அப்ப என்னைய பாத்துத்தான் நீங்க கதவ சாத்துனீங்க."

"சாத்துனேன். இல்லங்கல. தொறந்து வெச்சிருக்கறப்ப ஒண்ணும் வர மாட்டங்குதே?"

உண்மையான சங்கடம் ஆனியில்தான் தொடங்கியது. கை நடுங்கியது. டம்ளர் பிடிக்கிறபோது, சோறு பிசைகிறபோது தெரியாது. பிரஷ்ஷின் நுனியில் மட்டும் தெரியும். மாத்திரையால் சில பேருக்கு அப்படி வருமென்று டாக்டர் சொல்லியிருந்தார். தொந்தரவாக இருந்தால் உடனே வந்து சொல்லவும் சொல்லியிருந்தார். அடுத்தபடி ரத்தம் பார்க்கப் போகும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று அவள் தள்ளிப்போட்டாள். எழுபது ஐம்பதாயிற்று. ஐம்பது நாற்பதாயிற்று. பக்கத்தில் உட்கார்ந்து புடவைக்கரை எழுதுகிற கொளஞ்சி என்கிற சின்னப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"யக்கா, இந்த சரஸ்வதிக்கு மாறுகண்ணு."

"படிச்சிப் படிச்சி அப்பிடி ஆயிட்டாங்க. நீ கரைய பாரு."

சிரித்துவிட்டுத்தான் சொன்னாள். ஆனால் அன்றைக்கு மட்டும் ஒன்பது பொம்மைக்குக் கண்ணை அழித்து எழுத வேண்டியிருந்தது. அவளுக்கு வேறு எதுவும் எழுத வராது என்பதில்லை. கொளஞ்சி மாதிரி கரை எழுதலாம், உதடு எழுதலாம். கண் எழுதுகிறவள் என்றுதான் ஊர் அவளை அறியும். அவளும் தன்னை அப்படித்தான் அறிவாள்.

ஆடி பிறந்ததுமே கோதண்டபாணி அவளை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். பத்து வருஷத்தில் முதல் தடவை.

"விருத்தாம்பா, மாத்திரை வேணாம்னு நான் சொல்ல மாட்டேன். நான்தான் ஒன்னைய அனுப்பிவெச்சதே."

"ஆமாங்க மொதலாளி."

"ரெண்டே மாசம். சரஸ்வதி பூஜ வரைக்கும் நிறுத்தி வெய்யி. அப்பறம் ஆயுசுக்கும் போட்டுக்க. யாரு கேக்கப் போறா?"

"போன ஆவணி மாதிரி ஆயிட்டா?"

"வண்டிக்காரங்க எல்லாருகிட்டயும் சொல்லி வெச்சிட்டேன்," என்றார் அவர். அதற்கும் ஒரு ஏற்பாடு செய்துவிட்டுத்தான் பேசினார்.

விருத்தாம்பாள் நிறுத்தினாள். முதலாளி சொன்னதற்காக மட்டும் இல்லை. அவளுக்கே அந்தப் பழைய நாட்கள் வேண்டியிருந்தன. வர்ணமெல்லாம் வர்ணமாகத் தெரிந்த நாட்கள். பிரஷ்ஷை எடுத்தால் கண் தானாக வந்து உட்கார்ந்த நாட்கள். அதை நோய் என்று டாக்டர் சொன்னதை ஒப்புக்கொண்டாள்தான். ஒப்புக்கொண்டால் ஆசை போய்விடுமா என்ன?

ஐந்தாம் நாள் கை நடுக்கம் நின்றது. ஏழாம் நாள் தொண்ணூறு ஜோடி. ஒன்பதாம் நாள் எதையோ சொல்லித் தெருவில் எல்லோரையும் சிரிக்க வைத்தாள். பாஞ்சாலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பத்தாம் நாள் மத்தியானத்துக்குள் நூற்றிப் பத்து எழுதி முடித்திருந்தாள். சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவே இல்லை. கோதண்டபாணி வந்து, வரிசையாக விழித்துக்கொண்டிருந்த பொம்மைகளைப் பார்த்தார். இரண்டு கையையும் தட்டினார்.

"இதுதான் எங்க விருத்தாம்பா! பாத்துக்குங்கடி எல்லாரும்!"

பெண்கள் எல்லோரும் பார்த்தார்கள். கொளஞ்சிகூடக் கை தட்டினாள்.

விருத்தாம்பாளுக்கு ரசீதுகள் ஞாபகம் வந்தன. டாக்டர் மேஜைமேல் அடுக்கியபோது அவளும் பார்த்திருந்தாள், வேகத்தில் இருந்தாலும். எல்லோரும் சந்தோஷமாக இருந்த நாட்களின் தேதிகள் ஒரு பக்கமாக இருந்தன. அதற்கடுத்து எப்போதும் என்ன வந்தது என்பது இன்னொரு பக்கம். பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் கழுவினாள். துடைத்தாள். தூக்கை எடுத்துக்கொண்டு, "வூட்டுக்குப் போறேன் மொதலாளி," என்று கிளம்பிவிட்டாள்.

பழமலை சாப்பாட்டுக்கு வந்திருந்தான். அவன் முன்னாலேயே மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.

"பத்து நாளா போடல," என்றாள்.

"தெரியும்."

"எப்பிடித் தெரியும்?"

"மாத்திர டப்பாவுல கொறையலியே."

"ஏன் கேக்கல?"

பழமலை தட்டைப் பார்த்தான். "நீ சிரிச்ச," என்றான்.

அவனைத் திட்டலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். திட்டவில்லை. குழம்பை ஊற்றினாள்.

மறுநாளே பாண்டிச்சேரிக்குப் போனார்கள். டாக்டர் கோபித்துக்கொண்டார், நடுக்கம் என்றால் அன்றைக்கே வந்திருக்க வேண்டும், தானாக நிறுத்துவது அதற்கு வழியில்லை என்றார். ரத்தம் பார்த்து மாத்திரையைக் கொஞ்சம் குறைத்தார். நடுக்கத்துக்கு ஒரு சின்ன மாத்திரை சேர்த்தார். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், உப்பைத் திடீரென்று குறைக்கக் கூடாது, சூளைப் பக்கம் வெயிலில் நிற்கக் கூடாது என்றார். நடுக்கம் குறையும், அடியோடு போகும் என்று சத்தியம் செய்ய முடியாது என்றும் சொன்னார்.

திரும்பி வேலைக்குப் போன அன்றைக்குத்தான் கொளஞ்சி விஷயத்தைச் சொன்னாள்.

"யக்கா, ஒங்க கைக்காவ மொதலாளி மணவாளநல்லூர்ல பிராது கட்டியிருந்தாரு. ஆடி மொத தேதியே. நீங்க நூத்திப் பத்து எழுதினீங்கல்ல, சாயந்திரமே தேங்கா பழத்தோட போயி ராஜினாமாவும் குடுத்துட்டு வந்துட்டாரு."

கோதண்டபாணி மறைக்கவில்லை. அவர் முகத்தில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. "பத்தே நாள்ல தீத்துக் குடுத்துச்சும்மா சாமி. கோயிலுக்கே இது அதிசயம். நீ என்னடான்னா திரும்ப மாத்திரைய போட்டுட்டு வந்து நிக்கிற. தீர்ப்பு வந்த பொறவு அப்பீல் போறியா?"

"போறேங்க," என்றாள் விருத்தாம்பாள்.

ஞாயிற்றுக்கிழமை பழமலையைக் கூட்டிக்கொண்டு போனாள். பிராது எழுதுகிற இடத்தில் வயசான ஒருவர் உட்கார்ந்திருந்தார். பழமலையைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து, "வாங்க, திரும்பப் படுத்துட்டாங்களா?" என்று அக்கறையாக விசாரித்தார்.

"இவங்கதாங்க அது," என்றான் பழமலை.

"ஓ," என்றார் அவர். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார். ஐந்து வருஷமாகத் தாளில் படித்துவந்த பேர் ஆளாக எதிரில் வந்து நின்றது.

"என் பேருல இருக்கற பிராது எல்லாத்தையும் ராஜினாமா பண்ணணுங்க," என்றாள்.

"எல்லாந்தான் ராஜினாமா ஆயிடுச்சேம்மா. அதுவுமில்லாம, பிராது குடுத்தவங்கதான் ராஜினாமா குடுக்கணும்."

"பிராதுல பேரு இருக்கற ஆளு வந்தா?"

அவர் யோசித்தார். "இதுவரைக்கும் யாரும் வந்ததில்ல. வேணும்னா புதுசா எழுதலாம். நான் எழுதட்டா?"

"நானே எழுதறேங்க."

தாளை வாங்கிக்கொண்டு தூணோரம் உட்கார்ந்தாள். எழுத்து கொஞ்சம் ஆடியது. ஆடினால் ஆடட்டும் என்று எழுதினாள்.

'விருத்தாசலம் பழமலை மனைவி விருத்தாம்பாள் எழுதிக்கொண்டது. எனக்கு உள்ள நோய்க்கு நான் மாத்திரை சாப்பிடுகிறேன். சாப்பிடுவேன். கை நடுங்கினால் டாக்டரிடம் சொல்லிக்கொள்வேன். படுத்தால் என்னைச் சீக்கிரம் எழுப்ப வேண்டாம். எழுந்தால் வேகமாக ஓட்ட வேண்டாம். என்னைப் பற்றி வேறு யார் வந்து பிராது கட்டினாலும், என்னை ஒரு வார்த்தை விசாரித்துவிட்டு முடிவு செய்யவும். அவசரம் இல்லை.'

எழுதுகிறவர் வாங்கிப் படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார். "என்னா நடக்கணும்னு ஒண்ணுமே கேக்கலியேம்மா?"

"ஒண்ணும் நடக்கக் கூடாதுங்க. அதான் கேட்டிருக்கேன்."

அதைச் சாமி காலடியில் வைத்து வாங்கி, அவளே நூல் கட்டினாள். முடிச்சுப் போட இரண்டு தடவை ஆயிற்று. பழமலை கையைக் கொண்டுவந்தான். வேண்டாம் என்று தலையசைத்தாள்.

அந்தப் பருவத்தில் அவள் ஒரு நாளைக்கு ஐம்பத்தைந்து ஜோடிக்கு மேல் எழுதவில்லை. பெரிய பொம்மைகளின் கண்கள் அவளிடமே இருந்தன. சின்னவற்றுக்குக் கொளஞ்சியைப் பழக்கிக்கொடுத்தாள். கோதண்டபாணி இரண்டு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். அப்புறம் ஆர்டரைக் குறைவாக ஒப்புக்கொண்டார். அது முன்பே அவர் செய்திருக்கக்கூடிய காரியம்தான். 96 கார்த்திகையில் அவளுக்கு ஒரு சரிவு வந்தது. மாத்திரையை மாற்றினார்கள், நாலு வாரத்தில் மெல்ல எழுந்தாள். அந்த நாலு வாரமும் பாஞ்சாலை சோறு கொண்டுவந்தாள். எந்திரி என்று சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதற்கு அவள் பட்ட பாட்டைத் தெரு முழுக்கச் சொன்னாள்.

அவளே பிராது கட்டிவிட்டு மணவாளநல்லூரிலிருந்து திரும்பக் கிளம்பிய அந்த ஞாயிற்றுக்கிழமை, பஸ் நிற்கிற இடத்தில் பழமலை ரசீதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இதுக்கு ராஜினாமா எப்ப குடுக்கறது?"

"இதுக்குக் கெடையாது."

"தீந்துச்சின்னு எப்பிடித் தெரியும்?"

"தெரியாது. பஸ்ஸு வருது, ஏறுங்க."

ஏறினார்கள். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பாடவில்லை. கண்டக்டர் சீட்டு கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார்.